நிரஞ்சனின் கேமில் நான் செய்த மாற்றங்கள்

சின்னத் திருகாணிகளைக் கழற்றும்போது எடுத்த வரிசையிலேயே ஒரு தட்டில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டும்போது நீளமானது கட்டையானதன் துளைக்குள் போய், உள்ளே இருப்பதைக் குத்திவிடும். இதெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் பழகியதுதான். நான் முள்ளியவளையில் தையல் வேலை செய்கிறவள். ஊசியில் நூல் கோர்த்துப் பழகிய கைக்கு அது பெரிய காரியமில்லை.

நீங்கள் கேட்பது அந்த வயரைப் பற்றி. சொல்கிறேன், ஐயா. அதற்கு முன் செய்ததையும் எழுதிக்கொண்டால்தான் நியாயமாக இருக்கும்.

நிரஞ்சன் என் தம்பி. கடைசிச் சண்டையில் அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். வளர்ந்து உழவு இயந்திரம் ஓட்டப் பழகினான். ஒரு அறுவடையின்போது நெல்மூட்டைகளின் மேலிருந்து தலைகீழாக விழுந்தான். கழுத்து நரம்பு நசிந்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது பெருவிரல்களில் கொஞ்சம் அசைவு மட்டும்தான்.

கனடாவிலிருந்து சித்தப்பா அந்தக் கேமை அனுப்பினார். கையில் பிடித்து விளையாடுவது. அதன் பொத்தான்களை அமத்த அவன் விரல்களுக்குப் பலம் போதவில்லை. உள்ளே இருக்கிற றப்பரை மாற்றினால் இலேசாகும் என்று வீடியோவில் சொன்னார்கள். ஈயம் உருக்கி ஒட்டத் தேவையில்லை, கழற்றி மாட்டினால் போதும். கிளிநொச்சிக் கடையொன்றில் சொல்லி எடுப்பித்து நானே மாற்றினேன். விரல் வழுக்காமல் இருக்க, பழைய செருப்பில் வெட்டிய துண்டுகளை மேலே ஒட்டினேன். கட்டிலோடு ஒரு தாங்கியும் கட்டி, அவன் நெஞ்சுக்கு மேலே நிறுத்தினேன்.

"அக்கா, தொட்டாலே வேலை செய்யுது" என்றான். விழுந்தபிறகு அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அந்தக் கேமில் சேர்ந்து விளையாடுகிறவர்களோடு கதைக்கவும் முடியும். அப்படித்தான் சிவரூபி வந்தாள். வவுனியாப் பிள்ளை. அவளும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். அவளைப் போன்றவர்கள் சேர்ந்திருக்கிற ஒரு விடுதியில் தங்கி, கம்பியூட்டர் வேலை செய்கிறாள். நான் வேலையால் வரும்போது வாசல் படலையடியிலேயே நிரஞ்சனின் சிரிப்புக் கேட்கும். உள்ளே போனால், "பிறகு கதைக்கிறன் ரூபி" என்று நிறுத்திவிடுவான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அவளால் நன்மையும் வந்தது. அதை மறைக்கமாட்டேன். அவனுக்குச் சிறுநீர் போகக் குழாய் வைத்திருந்தது. அது மடிந்து அடைபட்டால் இரத்த அழுத்தம் ஏறித் தலை வெடிப்பதுபோல் இடிக்கும். கவனிக்காமல் விட்டால் உயிர் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் நேர்ஸ் எனக்கு விளங்கப்படுத்தியிருந்தா. ஒருநாள் நான் வேலையில் நிற்க அப்படி நடந்தது. அவன் கேமில் சிவரூபிக்குச் சொல்ல, அவள் எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, ஓடிப்போய்க் குழாயைப் பாருங்கோ!" சைக்கிளில் பறந்து வந்து நிமிர்த்திவிட்டேன். ஆகவே அந்தக் கேம் அவனுக்கு என்னவென்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை.

பிறகு ஒருநாள் சோறு தீத்தும்போது சொன்னான்.

"அக்கா, ரூபியின்ரை இடத்திலை எனக்கும் ஒரு கட்டில் இருக்காம். நான் போகப்போறன்."

"ஆர் உன்னைப் பாப்பினம்?"

"அங்கை ஆக்கள் இருக்கினம். நீங்களும் எத்தினை காலத்துக்கு என்னோடை கிடந்து மாயிறது? உங்களுக்கும் ஒரு வாழ்க்கை வேணும்."

நல்லது என்று சொல்லி வாயைத் துடைத்துவிட்டேன். அவனைப் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி, எந்தப் பக்கம் புண் வரும், கஞ்சி எந்தச் சூட்டில் இறங்கும் என்பதெல்லாம் அங்கே யாருக்குத் தெரியும்? அதைத்தான் யோசித்தேன்.

அவன் நித்திரையானபிறகு கேமை எடுத்துக் கழற்றினேன். இணையத்தைப் பிடிக்கிற கறுப்பு வயர் நூல் அளவுதான் இருக்கும். அதன் நுனி ஒரு சின்ன வட்டத்தில் அமத்தி மாட்டியிருக்கும். நகத்தால் நெம்பினேன், வந்துவிட்டது. எதையும் உடைக்கவில்லை, வெட்டவில்லை.

காலையில், "அக்கா, லைன் இல்லை" என்றான். பழுதாக்கும், பார்ப்பம் என்றேன். சிவரூபிக்குப் போன் எடுக்கச் சொன்னான். முற்றத்தில் நின்று சும்மா காதில் போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, அந்தக் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம் என்றேன். சிவரூபியே எனக்குப் போன் எடுத்தபோது, "தம்பிக்கு இனி உம்மோடை கதைக்க விருப்பமில்லையாம், பிள்ளை" என்றேன். பிறகு அவளுடைய நம்பர் வராமல் செய்துவிட்டேன்.

அதன்பிறகு வீடு அமைதியாக இருந்தது. அவன் சாப்பாட்டைக் குறைத்தான். கேமை மட்டும் எடுக்கவிடவில்லை. லைன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பான்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல்நாள் திரும்பவும் தொடங்கினான். "கட்டில் இல்லாட்டியும் பரவாயில்லை. என்னைக் கொண்டுபோய் அவளை ஒருக்காக் காட்டுங்கோ அக்கா."

பொங்கலன்று நான் கோயிலுக்கு வெளிக்கிட, "இண்டைக்குப் போகாதையுங்கோ, தலை இடிக்குது" என்றான். கட்டிலில் தொங்குகிற சிறுநீர்ப் பை காலியாகக் கிடந்ததைக் கண்டேன். குழாயைப் பார்க்கக் குனியவேண்டியது மட்டும்தான். நான் குனியவில்லை. நான் இல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்று அவனுக்கு ஒருநாள் தெரியட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மனிடம் அவனுக்காகத்தான் நேர்ந்தேன்.

பின்னேரம் திரும்பி வந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. குழாய் தொடைக்குக் கீழே மடிந்து கிடந்தது. நெஞ்சுக்கு மேலே கேம் இன்னும் லைன் தேடிக்கொண்டிருந்தது. சிவரூபி எப்படியோ கேள்விப்பட்டு, செத்தவீட்டுக்கு வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். திறந்து பார்ப்பிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. ஓம் ஐயா, வயரைக் கழற்றியது நான். குழாயை விட்டுவிட்டுப் போனதும் நான். தெரிந்துதான் போனேன். எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். பக்கத்து வீட்டு ராஜரத்தினம் அண்ணை, மத்தியானம் வரைக்கும் அவன் ஈனக்குரலில் "ரூபி, ரூபி" என்று கூப்பிட்டது வேலிக்கால் கேட்டதென்றும், கேமில் விளையாடுகிறான் என்று நினைத்துத் தான் பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். அவருக்குக் காது அவ்வளவு கேளாது. நிரஞ்சன் கூப்பிட்டது அக்கா என்றுதான்.