மூன்றாவது வளைவு

எனக்கு உயரமென்றால் பயம். மாடிப்படியில்கூடக் கைப்பிடியை விடமாட்டேன். பழைய பாலங்களின் வரலாற்றை ஆராய்கிறவனுக்கு இது குறைதான். ஆனால் கணினி வந்த பிறகு அதை யாரும் கவனிக்கவில்லை. இருபது வருட ஆராய்ச்சியில் அந்தக் கல்பாலத்தின் மேல் இரண்டே முறைதான் நடந்திருக்கிறேன். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். தட்டச்சு செய்கிறவருக்குக் கை வலிக்காதபடி நிதானமாகவே சொல்கிறேன்.

பாலத்துக்கு ஏழு வளைவுகள். முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரே தலைமைக் கொத்தனார், ஒரே மூச்சில், ஏழையும் ஒரே அளவில் கட்டினார் என்று ஒரு புத்தகம் எழுதினேன். விருது கிடைத்தது. பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கம் வந்தது. கொத்தனாருக்குச் சிலை வைக்க ஒரு குழு கூடியது. அவர் எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. எல்லாக் கூட்டங்களுக்கும் நான்தான் போனேன் என்பதால் சிற்பி என் முகத்தையே வடித்துவிட்டார். மறுப்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் பாலத்தை அப்படியே கணினிக்குள் கொண்டுவரும் திட்டம் வந்தது. லேசர் கருவியால் ஒவ்வொரு கல்லையும் அளந்து, திரையில் முப்பரிமாண மாடலாக எழுப்ப வேண்டும். திரையில் நான் எழுப்பினேன். ஆற்றில் இறங்கி அளந்தவள் எங்கள் துறையில் இருந்த ஒரு பெண். எதையும் மில்லிமீட்டரில்தான் பேசுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு மில்லி என்றே பெயர். நல்ல பெண். சாப்பாட்டு டப்பாவைக்கூட மேசை விளிம்புக்கு இணையாகத்தான் வைப்பாள்.

ஒருநாள் நேராக என் அறைக்கு வந்தாள். செருப்பெல்லாம் சேறு.

"சார், மூணாவது வளைவு நடுவுல முப்பத்தொரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு. கல்லே வேற. எப்பவோ வெள்ளத்துல இடிஞ்சு, பின்னாடி அவசர அவசரமா கட்டியிருக்காங்க. உள்ள பார்த்தா வெறும் மண்ணும் ஓட்டாஞ்சில்லும்தான்."

"கருவியைச் சரியா வச்சியாம்மா?"

"மூணு தடவை வச்சுப் பார்த்துட்டேன் சார்."

நான் கோபப்படவில்லை. அவள் சொல்வது உண்மையானால் என் புத்தகம் பொய். புத்தகம் அச்சாகிவிட்டது, இறக்கம் அச்சாகவில்லை. எதைத் திருத்துவது சுலபம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டாவது வளைவை நகலெடுத்து மூன்றாவதன் இடத்தில் வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. சுமார் நாற்பது நிமிட வேலை.

மறுநாள் அவள் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நேத்து இருந்த இறக்கம் இன்னைக்கு எங்க போச்சு?"

"கருவியில தூசிம்மா. சுத்தம் பண்ணிட்டேன்."

"முப்பத்தொரு மில்லிமீட்டருக்கு ஒரு தூசியா சார்?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேலி வராது.

இதில் என் பங்கு இவ்வளவோடு நின்றிருக்கும். ஆனால் எங்கள் இயக்குநருக்கு மாடல் ரொம்பப் பிடித்துப்போனது. "ஆத்துல இறங்கி, கயித்துல தொங்கிப் பார்க்கிறதெல்லாம் இனிமே எதுக்குய்யா? அதான் எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கே" என்றார். அன்றிலிருந்து பாலத்தைப் போய்ப் பார்ப்பது நின்றது, மாடலைப் பார்த்தார்கள். பாலம் கனரக வண்டிகளைத் தாங்குமா என்ற சோதனையையும் மாடலின் மேலேயே நடத்தினார்கள். அபாரமாகத் தாங்கியது. நீள பஸ்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். சோதனையில் நான் தலையிடவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மில்லி மறுப்புக் கடிதம் எழுதினாள். விதிப்படி அது என் மூலமாகத்தான் மேலே போக வேண்டும். அனுப்பினேன். அவள் கண்பார்வை குறைந்துவருகிறது, பாவம், கொஞ்சம் இலகுவான வேலை கொடுத்தால் நல்லது என்று கூடவே ஒரு குறிப்பும் வைத்தேன். அவளைப் பதிவறைக்கு மாற்றினார்கள். போகிற அன்று அவளுடைய மூக்குக்கண்ணாடிக்கு ஒரு நல்ல உறை வாங்கிக் கொடுத்தேன். "தேங்க்ஸ் சார்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அடுத்து நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் விஷயம். அவள் எடுத்த அசல் அளவுகளை நான் அழிக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில், வெறும் ஆர்வத்தில், அவற்றை வைத்து நீள பஸ்களை மாடலில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது வளைவு விழுந்தது. எந்தத் தேதியில் விழும் என்பதையும் கணினி சொன்னது. அடுத்த மாதம் பதினான்கு.

உடனே மனைவியை அழைத்து, இனி வேலைக்குச் சுற்றுப்பாதையில் போ என்றேன்.

"ஏன்? பாலத்துல போனா பத்து நிமிஷம்தானே?"

"பாலத்துல நெரிசல் அதிகம்."

"உங்க பாலத்தை நீங்களே குறை சொல்றீங்களே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். ஆனாலும் சுற்றித்தான் போனாள். சொன்னால் கேட்கிறவள்.

பதினான்காம் தேதி நான் விடுப்பு எடுத்து வீட்டிலேயே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாலம் நின்றது. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. மனைவியை மட்டும் சுற்றுப்பாதையிலேயே தொடரச் சொன்னேன்.

இருபத்தைந்தாம் தேதி காலை, மாடலின் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர், போட்டால் மாடலுக்குள்ளேயே நடப்பதுபோலத் தெரியும் அந்தப் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமதரையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பாலம் ஏறிக்கொண்டிருந்தார். விழுந்துவிடாமல் இயக்குநர் அவர் இடுப்பைப் பிடித்திருந்தார். அப்போது என் போன் அடித்தது. மில்லி.

"சார், பாலத்துல நிக்கிறேன். மூணாவது வளைவுல சத்தம் வருது. கல் உதிருது. போலீஸ்ல சொன்னா, ஆபீஸ்ல இருந்து சொல்லணும்ங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மூடிடுவாங்க சார். ஒரே ஒரு வார்த்தை."

"மாடலைப் பார்த்துட்டுச் சொல்றேன்ம்மா" என்றேன்.

திரையில் பார்த்தேன். விருந்தினர் சரியாக மூன்றாவது வளைவின் மேல்தான் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. போனை அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் சாட்சிகள் சொல்லியிருப்பார்கள். அவள் ஒரு பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றாள். உள்ளே நாற்பத்திரண்டு பேர். கண்டபடி திட்டிக்கொண்டே இறங்கித் திரும்பி நடந்தார்கள். டிரைவரும் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். எதிர்க்கரையிலிருந்து இன்னொரு பஸ் வருவதைப் பார்த்து, அதையும் நிறுத்த அவள் பாலத்தின் மேலே ஓடினாள். பாதிகூடத் தாண்டவில்லை, மூன்றாவது வளைவு அவளோடு விழுந்தது.

இரங்கல் கூட்டத்தில் நான் பேசினேன். அடுத்த வாரமே மறுகட்டுமானக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். முழுப் பாலம் இருப்பது என்னிடம் மட்டும்தானே. ஏழு வளைவுகளும் ஒரே அளவில் எழும்பும், என் புத்தகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது என்று சந்தோஷப்பட்டேன். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். அசல் அளவுகளின் பிரதியைப் பதிவறையில், உரிய கோப்பில், உரிய தேதியில் அவள் வைத்திருந்தாளாம். எதையும் இடம் மாற்றி வைக்கத் தெரியாத பெண்.

முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். வளைவை மாற்றியது நான். அவளைப் பற்றிப் பொய்க் குறிப்பு எழுதியது நான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பாலம் பதினோரு நாள் தாமதமாகத்தான் விழுந்தது. அப்படிப் பிழையான ஒரு கணக்கை நம்பி, வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கிற பாலத்தை மூடச் சொல்ல நான் அவ்வளவு பொறுப்பில்லாதவன் அல்ல.