பேச்சியக்காவின் பால்

ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. மார்போடு சேர்த்துக் கட்டிய சேலைக்குள் என் மகள். பிறந்து இன்னும் மாதம் திரும்பவில்லை. பின்னால் பட்டாசுக் கம்பெனியில் 'டொம்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சரம் சரமாக வெடிக்கிறது. கூரைத் தகரம் பறந்து போய்க் கண்மாயில் விழுகிறது.

"ரோட்டுக்கு வராதீக! காட்டு வழியா ஓடுங்க! மருந்து ரூமு இன்னும் வெடிக்கல!"

யாரோ கத்துகிறார்கள். எனக்கு முன்னால் பேச்சியக்கா ஓடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி. இடுப்பில் அவளுடைய கைக்குழந்தையான மகன்.

ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின நாள். காலைச் சாப்பாட்டு நேரம். இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களின் மேளம் ரோட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் சத்தத்தை அவர்கள் போட்ட வேட்டு என்றே நினைத்தேன்.

ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே போய் விழுந்தோம். மகள் அழுகிறாள். பசி. என்னிடம் பால் இல்லை.

குறைமாதத்தில் பிறந்தவள். விருதுநகர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். வெளியே வந்தபோது மார்பைப் பிடிக்கத் தெரியவில்லை. எனக்குக் காம்பு வெடித்துக் காய்ச்சல் கண்டது. பவுடர் பால் கரைத்துக் கொடுத்தோம். குடித்தாள். அப்பாடா என்று இருந்தது. என் பால் வற்றிப்போனது.

அன்று காலை பவுடர் டின் காலி. வாங்குவதற்கு என் வீட்டுக்காரர் மாரிமுத்து சிவகாசிக்குக் கிளம்பினார். தீபாவளி ஆர்டர் நேரம். மருந்து கலக்க மாற்று ஆள் இல்லாமல் கம்பெனியில் விடமாட்டார்கள். பேச்சியக்காவின் வீட்டுக்காரர் கருப்பசாமி வாசலில் வந்து நின்றார்.

"நீ போயிட்டு வாலே. ஒன் வேலைய நா பாத்துக்கிடுறேன்."

அவர் சொன்னதை நானும் கேட்டேன். சந்தோஷமாகத்தான் கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பேச்சியக்கா கையை நீட்டினாள். "இங்கன குடு." ஒரு பக்கம் அவள் மகன். மறுபக்கம் என் மகள். மாராப்பால் மூடிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மாரிமுத்து வந்தார். உடம்பெல்லாம் கரி. கக்கத்தில் புது டின். இடிபாட்டிலிருந்து ஆட்களைத் தூக்கிவிட்டு வந்திருந்தார். பேச்சியக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் என் மகள் அவள் மடியில்தான் இருந்தாள். பிள்ளை குடித்து வாயை எடுக்கும்வரை அசையவில்லை. என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

டினைத் திறந்தேன். பிள்ளை பசிக்கு வேறு வழியில்லை. பவுடரை அள்ளும்போதெல்லாம், அன்று நின்ற மாதிரியே கருப்பசாமி என் கண்ணுக்குள் வாசலில் நிற்பார். பேச்சியக்கா வீட்டுப் பக்கம் போக எனக்கு முகமில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸம்மா சொன்னார். "திரும்ப மார்ல போட்டுப் பாருங்க. புள்ள சப்பச் சப்பத்தான் சுரக்கும்." போட்டேன். வெற்று மார்பு. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள்.

காரியம் முடிந்ததும் பேச்சியக்காவே வந்தாள். கையில் பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடை. தன் பாலைப் பீய்ச்சி எடுத்து வந்திருந்தாள்.

"புள்ளைய மார்ல போடு. நா மேல இருந்து சொட்டுச் சொட்டா விடுறேன். வருதுன்னு நெனச்சுச் சப்புவா."

"ஒங்க மகனுக்கு வேணும்லக்கா."

"அவனுக்கு அம்புட்டும் இருக்கு."

"அக்கா, அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு போகாம இருந்தா..."

"அதப் பேசாத. புள்ளையப் பிடி."

அவள் பால் என் மார்பில் வழிந்தது. மகள் சப்பினாள். பேச்சியக்கா தினமும் வந்தாள். வெறும் நெற்றியோடு வந்து என் எதிரில் உட்காருவாள். நான் தலை நிமிர்ந்ததில்லை. ஒரு நாள் பாலாடையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மகள் விடவில்லை. தொண்டைக்குள் விழுங்கும் சத்தம். பேச்சியக்கா குனிந்து காது கொடுத்துக் கேட்டாள்.

"இது ஒன் பாலுதான்" என்றாள். எழுந்து போனாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

மாரிமுத்து பிறகு மருந்தைத் தொடவில்லை. விருதுநகரில் வத்தல் மண்டியில் லோடு இறக்குகிறார். மகள் இப்போது தவழ்கிறாள். என்னிடம்தான் குடிக்கிறாள்.

அன்று போனவை இவை. நான்கு ஷெட்டுகள். எங்கள் வரிசையில் ஆறு வீட்டுக் கூரைகள். ஒரு வேப்பமரம். போனவர்கள் ஐந்து பேர். குருவம்மா. அவள் தங்கை மாடத்தி. சங்கிலி. கல்யாணம் நிச்சயமாகியிருந்த ராமர். கருப்பசாமி.

எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.