நாய்களுக்குக் கற்றுக்கொடுத்த சொல்

கினிக்கோழியையும் நாயையும் ஒரே வளவில் வளர்க்க முடியாது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், சேர். தாராளமாக வளர்க்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நான் இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்தது என் நாய்களுக்காக. ரெக்ஸும் பிரவுணியும் கெட்ட நாய்கள் என்று எழுதியிருக்கிறீர்களாம். அது தவறு. அவை எப்படி வளர்ந்தன என்று கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

என் பெயர் சிவசாமி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்கடுவ போகிற ரோட்டிலிருந்து கீழே இறங்கும் சின்னப் பாதையின் கடைசியில் என் வீடு. சுற்றிலும் மிளகு, கராம்பு, நாலைந்து தென்னை. பக்கத்தில் ஒரே ஒரு வீடு. அங்கே அஜந்தன், அவன் மனைவி வித்தியா, ஒரு சின்ன மகள். அவன் பேக்கரியில் பாண் எடுத்து ஓட்டோவில் கொண்டுபோய் விற்கிறவன். விடியுமுன் கிளம்பிப் போய், மத்தியானம் வந்து தூங்குவான்.

முதலில் கோழிகள்தான் வந்தன. கலேவெல சந்தையில் வாங்கினேன். கினிக்கோழி பூச்சியைத் தின்னும், பாம்பைக் கண்டால் கூட்டமாகச் சேர்ந்து கத்தும் என்று சொன்னார்கள். உண்மைதான். பாம்புக்குக் கத்தும். கீரிக்குக் கத்தும். காற்றில் பறந்து வருகிற ஷொப்பிங் பையைக் கண்டாலும் கத்தும். என் மனைவி மாரியாயிக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. “இதுகள வித்துப்போட்டு நாலு நாட்டுக்கோழி வாங்குங்களேன்” என்பாள். அஜந்தனும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “மாமா, ஒங்க கோழிக வாயே மூடாதா? கண்ண மூட முடியல்ல” என்று சிரித்துக்கொண்டே கேட்பான். நல்லபடியாகத்தான் கேட்பான். அதை நான் மறைக்கவில்லை.

போன வருஷம் மாசி மாதத்தில், மிளகுக் கொடிக்குக் கீழே சருகு கூட்டப் போன மாரியாயியைப் புடையன் பாம்பு கடித்தது. நான் அன்றைக்குக் கலேவெலயில் இருந்தேன். கோழிகள் கத்தியிருக்கின்றன. அவளும் கத்தியிருக்கிறாள். வேலிவரைக்கும் ஊர்ந்து போயிருக்கிறாள். நான் வந்து பார்க்கும்போது அவளுடைய ஒரு கை வேலிக் கம்பியைப் பிடித்தபடி இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

செத்த வீட்டில் அஜந்தன் என் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

“சத்தம் கேட்டுச்சு மாமா. எப்பவும் போல கோழிதான் கத்துதுன்னு நெனச்சேன். ரேடியோ சத்தத்தக் கூட்டி வச்சிட்டுப் படுத்துட்டேன். என்னய மன்னிச்சிருங்க மாமா.”

அவன் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். “நீ என்ன செய்வ தம்பி. நீ தூங்குற நேரம் அது” என்றேன். அங்கிருந்தவர்கள் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள்.

எட்டுச் சடங்கு முடிந்த பிறகு, எல்கடுவ தோட்டத்து லயத்துப் பக்கமிருந்து இரண்டு குட்டிகளைக் கொண்டு வந்தேன். தனியாக இருக்கிற மனுஷன், துணைக்கு வளர்க்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நாய்க்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது, கோழி தன்னுடையது என்பதை. குட்டிகளைக் கூட்டுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தேன். கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகுதான் அவற்றுக்குச் சோறு. கோழி மூக்கின்மேல் ஏறி நடந்தாலும் அசையாமல் படுத்திருந்தால் ஒரு துண்டு ஈரல். ரெக்ஸ் ஒருமுறை ஒரு சேவலின் வாலைப் பிடுங்கிவிட்டான். நான் அடிக்கவில்லை. அடித்து வளர்த்த நாய், ஆள் இல்லாதபோது கடிக்கும். அன்று முழுக்க அவனோடு பேசாமல் இருந்தேன். நாய்க்கு அது போதும். மழைக்காலம் வருவதற்குள் கோழிகள் நாய்களின் முதுகில் சாய்ந்து வெயில் காய்ந்தன. பாதையில் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள்.

இரண்டாவது பாடம், கோழி எதைப் பார்த்துக் கத்துகிறதோ அது நாய்க்கும் எதிரி. இதற்கு அதிகம் பாடுபடத் தேவையில்லை. கினிக்கோழி தன்னை விரட்டியவனை மறக்காது. முகத்தைவிட உடுப்பைத்தான் அது நினைவில் வைத்திருக்கும் என்பது என் அனுபவம்.

அஜந்தன் மழைக்கு ஒரு மஞ்சள் கோட் போடுவான். தலைக்கும் சேர்த்து மூடுகிற கோட். மாத்தளைக் கடைத்தெருவில் அதேபோல ஒன்று வாங்கினேன். வித்தியா மகளைக் கூட்டிக்கொண்டு முன்பள்ளிக்குப் போன பிறகு, அஜந்தனும் பாண் விற்கப் போயிருக்கும் நேரத்தில், அதைப் போட்டுக்கொண்டு தடியோடு கோழிகளைத் துரத்துவேன். நாய்களைக் கூட்டில் அடைத்துவிட்டுத்தான் செய்வேன், அவை பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு கோட்டுக்குள் வைக்கோலைத் திணித்து மரத்தில் கட்டி, நாய்களைத் திறந்துவிடுவேன். கோழிகள் அலறும். நாய்கள் பாயும். கழுத்துப் பக்கத்தில் வைக்கோலுக்குள் ஈரல் வைத்திருப்பேன்.

மூன்றாவது பாடம்தான் முக்கியம். வெறி பிடித்த நாயை யாரும் வளர்க்கக் கூடாது. அவை எவ்வளவு ஆவேசத்தில் இருந்தாலும், நான் “போதும்” என்று ஒரு தரம் சொன்னால் விட்டுவிட்டு வந்து என் காலடியில் உட்கார வேண்டும். சத்தமாகச் சொல்லவும் தேவையில்லை. அப்படிப் பழக்கினேன். நீங்கள் வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்.

அஜந்தன் மாரியாயி போன நாளிலிருந்து தினமும் என் கேற்றில் ஒரு றாத்தல் பாண் தொங்கவிட்டுப் போவான். காசு வாங்கமாட்டான். அவன் கைவாசம் நாய்களுக்குப் பழகிவிடக் கூடாது என்பதால் அந்தப் பாணைக் கோழிகளுக்குப் போட்டேன். அவன் மகளுக்குக் கோழிகள் என்றால் ஆசை. வேலி ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் ஒருநாள் அவனிடம் சொன்னேன், “புள்ளைக்கு ஒரு சோடிக் குஞ்சு தாறேன் தம்பி. மழ நாளாப் பார்த்து வா. அன்னைக்குத்தான் இதுக ஓடாம ஒதுங்கி நிக்கும், புடிக்க லேசு.”

அவன் சந்தோஷப்பட்டான். “ஒங்களுக்குப் பெரிய மனசு மாமா” என்றான். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த மழைக்கே வந்தான். பாண் விற்று முடித்து, சாப்பிட்டு, தூக்கத்தை விட்டுவிட்டு வந்தான். குஞ்சுகளைப் போட ஒரு கார்ட்போட் பெட்டியும் கையில் இருந்தது. மூடியில் ஓட்டை போட்டிருந்தான், மூச்சு விட. நான் வாசலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

கேற்றுக்கு வெளியே நின்று கேட்டான், “மாமா, நாயக் கட்டியிருக்கீங்களா?”

“வா தம்பி. அதுக ஒண்ணுஞ் செய்யாது.”

உள்ளே வந்து, நல்ல பையன், கேற்றைத் திரும்பக் கொளுவிவிட்டுத்தான் நடந்தான். கோழிகள் மிளகுக் கொடிக்கு அடியில் ஒதுங்கியிருந்தன. மஞ்சளைக் கண்டதும் ஒன்று கத்தியது. பிறகு எல்லாம் கத்தின.

அவன் முதலில் பெட்டியைத்தான் காப்பாற்றப் பார்த்தான். பிறகு “மாமா” என்று கூப்பிட்டான். “மாமா, சொல்லுங்க, சொல்லுங்க” என்றான். நான் சொல்ல வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒரு சொல் இருக்கிறது என்பது மட்டும் விளங்கியிருந்தது. கடைசியில் வித்தியாவைக் கூப்பிட்டான். அவள் வேலிக்கு அந்தப் பக்கம், அடுப்படியில்தான் இருந்தாள். கோழிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று எனக்குத் தெரியும். கேட்டாலும் வரமாட்டாள் என்றும் தெரியும்.

சொல் என் நாக்கில்தான் இருந்தது, சேர். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “போதும்” என்றேன். இரண்டும் அந்த நிமிஷமே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தன. வாய் முழுக்க இரத்தம், ஆனால் வாலை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தன. ஈரல் கிடைக்கும் என்று பார்த்தன. கொடுத்தேன். சொன்னதைச் செய்த நாய்க்குக் கொடுக்காமல் இருக்கக் கூடாது.

பிறகுதான் வித்தியாவைக் கூப்பிட்டேன். கை ஈரத்தோடு ஓடி வந்தாள். “கோழிதானேன்னு நெனச்சேன் மாமா, கோழிதானேன்னு நெனச்சேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவனுடைய ஓட்டோவிலேயே அவனைத் தூக்கிப் போட ஒரு பக்கம் நானும் பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

விபத்து என்று எழுதினீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நேற்று உங்கள் ஆட்கள் வந்து ரெக்ஸையும் பிரவுணியையும் கூண்டில் ஏற்றினார்கள். கொல்லப்போவதாகச் சொன்னார்கள். பாவம், அவை என்ன செய்தன? கொலை செய்தது நான். அஜந்தனைக் கொல்ல வேண்டும் என்று தீர்மானித்து, ஒரு வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்து, கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். நாய்களை யாராவது நல்ல இடத்தில் கொடுங்கள். கோழி உள்ள வீடாக இருந்தால் நல்லது.

அவன் வேண்டுமென்று செய்யவில்லையே என்று நீங்கள் கேட்டீர்கள். ஒரு மனுஷி சாகக் கிடந்து கூப்பிடும்போது, என்ன ஏது என்று எட்டிக்கூடப் பார்க்காதவனை எப்படி மன்னிப்பது, சேர்? எழுந்து நாலு எட்டு நடந்திருந்தால் அவள் இன்று இருந்திருப்பாள்.

மாரியாயியின் போனைப் பற்றி இவ்வளவு நேரமும் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், பாம்பு கடித்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டாள். நான் சந்தையில் ஒரு சேவலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், அவள் பெயர். பருப்போ உப்போ வாங்கி வரச் சொல்வாள் என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மறுபடியும் அடித்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டேன். ஆனால் அது வேறு விஷயம், சேர். எனக்கு எப்படித் தெரியும்?