ஒயர் இல்லாத சிவப்புப் போன்

செத்துப்போன டெலிபோன்களைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்லும் தகுதி இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் நம் ராஜேஷின் சித்தப்பா சின்னராசு. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவரே. செல்போனை அணைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி. ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் ரோடு. பஸ் போய்விட்டால் புளியமரங்கள் மட்டும்தான்… அங்கேதான் அவருடைய மியூசியம். முன்பு எஸ்.டி.டி. பூத்தாக இருந்த ஒற்றை அறை. சுவர் முழுக்கப் பழைய போன்கள். ஒன்றுக்கும் ஒயர் கிடையாது.

நடுமேசையில் இருக்கும் சிவப்புப் போன்தான் ஒரு காலத்தில் ஊருக்கே போன். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் கூப்பிட்டால், "வெச்சிட்டு அப்புறம் பண்ணு" என்பார் சின்னராசு. ஓடிப் போய் வீட்டு ஆளைக் கூட்டிவருவார். மறுபடி மணி அடிக்கும்.

மங்கம்மாளின் மகன் தாண்டவராயன் போர்வெல் லாரியில் வடக்கே போனவன். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவான். ஒரு மழைக்காலத்தில் லாரி பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது… உடல் கிடைக்கவில்லை. இருபது வருஷம் ஆயிற்று. மங்கம்மாள் ஞாயிறுதோறும் வந்து அந்தப் போன் பக்கத்தில் தரையில் உட்காருவாள்.

காவலூர் வானாய்வகத்து டெலஸ்கோப்பைப் பார்க்க வந்த காலேஜ் பிள்ளைகள் முன்னால் சின்னராசு ஒரு நாள் கேட்டார்: "இன்னாக்கா, டவர் கெடைச்சுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அடுத்த ஞாயிறு வரவில்லை.

அன்றைக்குத்தான் அடித்தது.

ட்ரிங்… ட்ரிங்… சின்னராசின் கை தானாக எடுத்தது. டீசல் வாடை. உள்ளே தண்ணீர் புரளும் சத்தம்… அதற்கு மேலே, வயதே ஆகாத ஒரு குரல்.

"அண்ணே, தாண்டவராயன் பேசுறேன். எங்கம்மா இருக்குதா?"

வாய்ப் பழக்கம். "வெச்சிட்டு அப்புறம் பண்ணுடா. கூட்டிட்டு வர்றேன்."

"செரிண்ணே."

டொக்.

செருப்பில்லாமல் ஓடினார். மங்கம்மாள் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தாள். இரண்டு பேரும் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். போன் அடிக்கவில்லை.

வெளுக்கும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத்தினி வருசம் கழிச்சு வந்தவன… நீ ஏன்டா வெக்கச் சொன்ன?"

தை மாதம் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது ஞாயிறு சாயங்காலம் மியூசியத்தின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். கேட்டால், தூசு தட்டுகிறேன் என்பார் சின்னராசு. போன வாரம் ராஜேஷ் குனிந்து உள்ளே பார்த்தான். சித்தப்பா தரையில், ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்து, யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்…

"வெக்காத மங்கம்மாக்கா. உம்புள்ள இன்னும் கூப்புடல. நீ லைன்லயே இரு."