பொழுது சாய்வதற்கு முந்திய விலை

எனக்கு ஸ்கேல் இல்லாமலே கோடு நேராக வரும். செஞ்சியில் நேமிராஜ் முதலாளியின் மண்டிக்குக் கணக்கெழுத வந்த புதிதிலேயே, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விலையைக் கட்டம் போட்ட தாளில் வரைய ஆரம்பித்துவிட்டேன்.

ஜப்பான் அரிசி வியாபாரிகள் விலையை மெழுகுவத்தி மாதிரி வரைவார்கள் என்று கல்லூரி நூலகத்தில் படித்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு மெழுகுவத்தி. விலை தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவில் உடம்பு. அன்றைய உச்சமும் அடிமட்டமும் மேலும் கீழும் திரி. ஏறி முடிந்தால் வெள்ளை, இறங்கி முடிந்தால் கறுப்பு மை. கீழ்த்திரி நீண்ட வெள்ளை மூன்று சேர்ந்து வந்தால் விலை ஏறும்.

"பி.ஏ. படிச்ச பொண்ணு மெழுகுவத்தி ஏத்துது, சர்ச்சுக்கு வழி காட்டுங்கப்பா" என்று முதலாளி சிரிப்பார். சிங்கவரத்தில் என் நைனா இன்னும் கைநாட்டு. சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். என் வாக்குமூலத்தில் பொறுத்துக்கொண்டேன் என்று எழுதாதீர்கள், பொறுக்கவில்லை. மூன்று தடவை என் கணிப்பு பலித்த பிறகு அவரே, "செவுத்துல மாட்டும்மா, வர்றவங்க பாக்கட்டும்" என்றார்.

பெரியதம்பி அண்ணனும் பார்த்தார். விளைச்சலில் பங்கு கொடுத்து அவர் வாரத்துக்கு உழுத ஒன்றரை ஏக்கரை, தை முடிவதற்குள் மூவாயிரம் கொடுத்தால் அவருக்கே எழுதித் தருவதாக நிலக்காரர் சொல்லியிருந்தார். அண்ணனிடம் நாற்பத்திரண்டு மூட்டை மல்லாட்டை இருந்தது.

முதலாளி சமணர். இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே தராசைக் கட்டிவிடுவார். அந்த நேரத்து விலையைத்தான் அன்றைய முடிவென்று போட்டுவந்தேன். காலையில் விலை கீழே தொடங்கினால், ராத்திரியில் அப்படித்தான் இறங்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றபோது பார்த்தேன். பூட்டிய மண்டிக்கு வெளியே, லாரி ஓரமாக, அவலூர்பேட்டை வியாபாரிகள் பேரத்தைத் தொடர்ந்தார்கள். நான் மூட்டை எழுபத்தாறு ரூபாயில் முடித்த சரக்கு எழுபத்திரண்டுக்குக் கைமாறியது. அப்படிப் பார்த்தால், நான் வெள்ளையாக விட்டதில் பாதிக்கு மேல் கறுப்பு. அன்று படுத்தேன், எழுந்தேன், தாளைப் பிரித்தேன், மடித்தேன். மைப்புட்டியைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் வந்தார். "இன்னாம்மா மீனம்பா, எழுபத்திரண்டுங்கறானுங்க. தள்ளிடவா?"

அந்த விலைக்கு நிலம் கிடைத்துவிடும். கணக்கு எனக்கு மனதிலேயே ஓடியது. முதலாளி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கண்ணா. பத்து நாள்ல எண்பதைத் தாண்டும்."

"அப்போ ஒரு மாடும் புடிச்சிடலாம்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

தை முடியும்போது விலை ஐம்பத்தொன்று. அண்ணன் தினமும் வந்து சுவரின் முன் நிற்பார். கோபமாக ஒரு சொல் கிடையாது. நானும் தினமும் ஒவ்வொரு மெழுகுவத்தியாக விளக்கினேன். நிலம் வேறொருவர் பேரில் பதிவான மறுநாள், பயிருக்கு அடிக்கும் மருந்தைக் குடித்தார்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. ஆமாம், படம் தப்பு என்று தெரிந்தேதான் சொன்னேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: நேற்று மல்லாட்டை எண்பத்திரண்டுக்குப் போனது. ஏறும் என்றேன், ஏறிவிட்டது. அண்ணன்தான் அவசரப்பட்டுவிட்டார்.