வண்டி போட்ட ஊளை

பாத்து மேஸ்திரி, அந்தப் பேப்பர மிதிச்சிடாதீங்க. மேல இருக்கிற மெல்லிசு தகடெல்லாம் ஷிம்மாம். ஒண்ணு எடம் மாறினாலும் எங்க வூட்டுக்காரர் மொதல்லேர்ந்து ஆரம்பிப்பார். டைனிங் டேபிளையே போர்டிகோவுக்குத் தூக்கியாந்து காரோட பின் சக்கரத்த சுத்தற டிப்ரன்சியல அது மேல ஏத்திட்டார். நாங்க தரையில சாப்பிடறோம். நல்ல குடும்பம்.

உளுந்தூர்பேட்டை கார் பட்டறையிலேர்ந்து பஸ்ஸுல நின்னுக்கினா வந்தீங்க? உக்காருங்க. அவர் வெளக்கெண்ண வாங்க கள்ளக்குறிச்சி போயிருக்கார்.

சமையலுக்கா? நீங்க வேற. என் குங்குமத்த அதுல கொழச்சி இந்தப் பினியன் சக்கரத்துப் பல்லு மேல தடவுவார். சுத்துவார். செவப்பு எங்க அழியுதுன்னு பூதக்கண்ணாடி வச்சிப் பாப்பார். நடுவுலதான் அழியுது, எனக்கே தெரியுது. இல்ல விஜயா, ஒரு நூல் தள்ளிப் போச்சும்பார். கழட்டிடுவார். மூணு வருஷமா இதே பொழப்பு.

காரு எங்க மாமனார் பாண்டிச்சேரியில ஒரு தொரைகிட்ட வாங்கினது. ரெண்டே சீட்டு, கூரை கெடையாது. வடக்கனந்தல்ல கரும்பு லோடு போற ரோட்டுல ஸ்போர்ட்ஸ் காரு, கேளுங்க கூத்த. கல்வராயன் மல ஏறும்போது பின்னாடி ஒரு ஊளை போடும். எங்க பொண்ணு சந்தியா என் மடியில உக்காந்துகினு கூடவே ஊளையிடும். எனக்கு மண்ட இடிக்கும்.

எப்ப கழட்டினாரா? எம்பத்தேழுல, இடஒதுக்கீட்டுக்காக ஒரு வாரம் மறியல் நடந்துதே, அப்ப. ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டிருந்தாங்க. எப்படியும் வண்டி எங்கயும் போவாது, அதுக்குள்ள முடிச்சிடலாம்னு நெனப்பு. நாலாம் நாளு கொல்லையில வெறகு எடுக்கப் போன சந்தியாவ பாம்பு கடிச்சிடுச்சி. ஒம்போது வயசு.

மாட்டு வண்டியிலதான் கொண்டு போனோம். பிரிவு ரோட்டுல மறிச்சவங்களே ஓடியாந்து மரத்த இழுத்து வழி விட்டாங்க. அதுல ஒருத்தர் கேட்டார், காரு இருக்கிற வூடாச்சே, கார்ல வரலியாம்மான்னு. நான் வண்டிய ஓட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் மூச்சு இருந்துது.

அன்னிலேர்ந்து திட்டறேன் மேஸ்திரி. சோறு போடும்போது திட்டறேன், துணி மடிக்கும்போது திட்டறேன். உன்னாலதான்யா போச்சுன்னு. ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல அந்த மனுஷன்.

இன்னா? பல்லு தேயவே இல்லியா? நல்லா பாருங்க. இதுல இருக்கிற பேரிங்கும் நல்லா இருக்கா? அப்ப அந்த ஊளை எங்கேர்ந்து வந்துது?

காருகிட்ட போயி எத சுத்தறீங்க, சக்கரம் மாட்ற எடமா? இன்னொரு தபா சுத்துங்க.

ஆமா. இதே சத்தந்தான்.

இந்தச் சக்கரத்து பேரிங்க மாத்த டிப்ரன்சியல தொடவே வேணாமா? அர நாள் வேலையா?

மேஸ்திரி, ஒரு உதவி. அவர் வந்தா பினியன் போச்சு, அன்னிக்கே கழட்டினது நல்லதாப் போச்சுன்னு சொல்லிடுங்க. அவருக்காகக் கேக்கறேன்னு நெனச்சிக்காதீங்க. காபி ஆறுது பாருங்க, எடுத்துக்குங்க. அன்னிக்கு, மறியல் முடியட்டும் விஜயா, ஆத்திர அவசரத்துக்கு வண்டி வேணும்னுதான் அவர் சொன்னார். ஸ்பானர் பெட்டிய தூக்கியாந்து அவர் காலடியில வச்சவ நான்.