டிரம் கதவுக்கு ஒரு கற்பூரம்

"நாளைக்குப் பொங்கல்ல வெல்லம் கொஞ்சம் ஜாஸ்தியாவே போடு ரேவதி. போன தடவை சப்புனு இருந்துச்சுன்னு ஆளுங்க சொன்னாங்க."

"போடறேன். முந்திரி?"

"முந்திரி இல்லாம பொங்கலா? உங்க வீட்டுக் கஞ்சத்தனத்தை இங்க காட்டாத."

"எங்க வீட்டுப் பொங்கலைத் தின்னுட்டுத்தான் பொண்ணைக் குடுங்கன்னு உக்காந்தீங்க."

என் கணவர் கலையரசன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு எப்போதும் பிடிக்கும். பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம், சமையலறை வாசலில் நின்று நாங்கள் பேசிக்கொண்டது இது. அப்போதுதான் நான் கேட்டேன்.

"ஏங்க, நாளைக்குப் பூஜை ஆபீஸ்ல வேணாம். பழையபடி டிரம் கதவு முன்னாடியே கற்பூரம் காட்டுங்க. தம்பி போன இடம் அதுதானே."

"அங்க நெருப்பே கூடாதுன்னு நிறுத்தினவனே அவன்தானேம்மா."

"எனக்காக."

 அவர் "சரிம்மா" என்றார். நான் கேட்டு அவர் இல்லையென்று சொன்னதாக ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. இதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஐயா.

எங்கள் தொழிற்சாலை கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், என் பிறந்த ஊரின் எல்லையில் இருக்கிறது. பழைய டயர்களை அங்கே கொளுத்துவதில்லை. பெரிய இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றுப் படாமல் வேக வைப்போம். ஆட்கள் அதை டிரம் என்பார்கள். எண்ணெய் ஒரு பக்கம் வடியும், கரித்தூளும் கம்பியும் உள்ளே தங்கும். ஒழுங்காகச் செய்தால் இது நல்ல தொழில். தெருவோரம் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வளர்க்கும் டயருக்கு இதைவிட நல்ல கதி கிடையாது. என் தம்பி முருகவேல், எங்களுக்கு முருகன், அப்படித்தான் சொல்வான். அவன் சுற்றுச்சூழல் படித்தவன். மாமாவின் தொழிற்சாலைக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளனாக ஆசையோடு வந்தான்.

தொழிற்சாலை தொடங்குமுன் இதே வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஊர்க்காரர்கள் கோபமாக வந்திருந்தார்கள். முருகன் எழுந்து நின்று, "புகையைத் தண்ணில கழுவித்தான் வெளிய விடுவோம். கழுவின தண்ணி ஒரு சொட்டு நெலத்துல இறங்காது. கரியை மூடின கொட்டாய்க்குள்ளதான் மூட்டை கட்டுவோம். எங்கம்மா குடிக்கிற கெணறும் அங்கதான் இருக்குது" என்றான். எங்கள் அம்மா ரேணுகாம்பாளின் மகன் சொல்கிறான் என்று எல்லோரும் அமைதியாகத் திரும்பிப் போனார்கள்.

ஒரு வருடம் சொன்னபடி நடந்தது. அப்புறம் அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் புகை கழுவும் மோட்டார் ஓடியது. கழிவுத்தண்ணீர் பின்பக்கப் பள்ளத்துக்குப் போனது. வேர்க்கடலைச் செடியின் இலையைத் தொட்டால் விரல் கறுத்தது. கிணற்றில் எண்ணெய் மினுமினுத்தது. "என்னா தம்பி, எங்க கெணத்துல தாளிச்சு ஊத்திட்டியா?" என்று டீக்கடையில் அவனைக் கேட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து மாமாவிடம் சண்டை போட்டான். "பண்ணலாம் மச்சான், பண்ணலாம்" என்பார் இவர். இவர் யாரிடமும் குரலை உயர்த்துகிறவர் இல்லை.

டிரம்மில் ஒரு விஷயம் இருக்கிறது. டயர் வெந்த பிறகும் உள்ளே எரிவாயு நிற்கும். டிரம் நன்றாக ஆற வேண்டும். பிறகு நைட்ரஜனை உள்ளே செலுத்தி அந்த வாயுவை வெளியே தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் கதவு. ஒருநாள் இவர் சென்னையிலிருந்து போன் செய்து, அடுத்த லோடு நிற்கிறது, உடனே திறங்கள் என்றார். முருகன் கூடாது என்றான். ஆட்கள் முதலாளி பேச்சைக் கேட்டார்கள். டிரம்மில் வேலை பார்க்கும் இருசப்பன் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான். முருகன் ஓடிப்போய் அவனைத் தள்ளிவிட்டான். தள்ளிவிட்டவன் அந்த இடத்தில் நின்றான். கதவு தீயோடு பிய்த்துக்கொண்டு வந்தது.

இதை என்னிடம் சொன்னது இருசப்பன்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த அன்று, எங்கள் மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று அழுதுகொண்டே சொன்னான். மறுநாள் அதிகாரிகள் கேட்டபோது, முதலாளி சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இவர் சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: "மச்சான் அவசரப்பட்டுத் திறந்துட்டான்."

அந்த வரி ஊரெல்லாம் நின்றுவிட்டது. கிணற்றைக் கெடுத்தவன், அவசரக்காரன். நான் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா கேட்பாள்: "எம்புள்ள அவசரக்காரனாடி? சோத்தைக்கூட ஆறவெச்சுத்தானே தின்னுவான்?" நல்லது கெட்டதுக்குப் போவதை அவள் நிறுத்திக்கொண்டாள்.

அவன் போன பிறகு தொழிற்சாலை அவன் கேட்ட மாதிரியே ஆனது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மோட்டார் இரவும் பகலும் ஓடியது. பள்ளத்தைத் தோண்டி, கெட்ட மண்ணை அள்ளினார்கள். நைட்ரஜனுக்குத் தனிக் குழாய் வந்தது. வாயு கசிந்தால் அலறும் கருவி வந்தது. அத்தனையும் இவர் வாய் திறக்காமல் செய்தார். தப்பு யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவர், என் அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தினமும் சாப்பாடு போடும்போது நாக்கு நுனிவரைக்கும் வரும். கேட்டு வாங்குகிற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று விழுங்கிவிடுவேன். அவராகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். என் பொறுமையைப் பற்றி நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தால் டயர் லாரிகள் எங்கள் பக்கம் வர முடியாது. அதனால் முந்தின நாள் டிரம்மை அணைத்துவிட்டு, பௌர்ணமி காலையில் பூஜை போட்டுக் கதவு திறப்பது எங்கள் வழக்கம். இந்த முறை அது முருகனின் நினைவு நாளாகவும் அமைந்தது. நைட்ரஜன் சிலிண்டர் வாங்குவது என் வேலை. நான் வாங்கவில்லை. சாம்பிராணிப் புகைக்கே அந்தக் கருவி அலறும், பூஜை நேரத்தில் அபசகுனம் என்று சொல்லி, அதையும் நானே அணைத்தேன். முதலாளி வீட்டம்மாவை யார் கேட்கப்போகிறார்கள்?

இருசப்பன் மட்டும் வந்தான். "அம்மா, சிலிண்டர்ல ஒண்ணும் இல்ல போலக்குது. மீட்டர் முள்ளு ஏறவே மாட்டேங்குது."

"நேத்தே ஐயா நின்னு முழுசா ஓட்டிட்டாருப்பா. நல்ல நேரம் போயிடும். நீ போல்ட்டைத் தளர்த்து."

"ஐயா பார்த்திருந்தா சரிதான்" என்று போனான்.

மற்ற ஆட்களைப் பொங்கல் வாங்கிக்கொள்ள வாசல்பக்கம் கூப்பிட்டுக்கொண்டேன். ஒருத்தர்கூட அங்கே நிற்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். இருசப்பன் போல்ட்டைத் தளர்த்திவிட்டு ஒதுங்கிவிடுவான் என்று நினைத்தேன். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள அவன் கிட்டே போவான் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணாமலையார் மலையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை.

நான் வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை.

இருசப்பன் அங்கேயே போய்விட்டான். இவரை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தொண்டை வெந்துவிட்டது, பேச முடியாது என்றார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உதட்டை நனைத்துவிட்டேன். ஒருவேளை சைகையிலாவது சொல்வார் என்று கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே போய்விட்டார். நான் நிஜமாகவே அழுதேன். இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த மனுஷன்.

உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் என்ன நடந்தது என்று கேட்டார். "இருசப்பன் அவசரப்பட்டுத் திறந்துட்டான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. தயாராக இருந்தது, வந்துவிட்டது.

நேற்று இருசப்பனின் மனைவி சரசு வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. காபி கொடுத்தேன், வாங்கவில்லை. "என்ன பண்றது சரசு, அவன் கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாம்" என்று ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அம்மா, எனக்கு வேற எதுவும் வேணாம். அவரு மேல தப்பில்லைனு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஊர்ல தலை காட்ட முடியல."

அவ்வளவு சுலபமாகக் கேட்டாள். வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல். அந்த வார்த்தையை இப்படிக் கேட்க முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கேட்டிருந்தால் இவர் "சரிம்மா" என்றிருப்பாரோ? அதைப் பற்றி நான் யோசிப்பதில்லை.

சரசுவுக்காகத்தான் காலையில் பஸ் ஏறி இங்கே வந்தேன், ஐயா. சிலிண்டரை நான்தான் வாங்கவில்லை. கருவியை நான்தான் அணைத்தேன். கற்பூரத்தை அங்கே ஏற்றச் சொன்னதும் நான்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் பேனாவைத் திறந்துவிட்டீர்கள். அதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வார்த்தையை இதுவரைக்கும் நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

"என் தம்பி முருகவேல் மேல தப்பில்லைனு முதல்ல எழுதுங்க ஐயா. இருசப்பன் பேரை அதுக்குக் கீழ எழுதிக்கலாம்."